பின்னோக்கி நடந்த நெரிசல்

இந்த வழக்கை எனக்குச் சொன்னவன் திம்மப்பன். மூன்று முறை சொல்லியிருக்கிறான். முதல் முறை அது மாங்காய் சீசன் என்றான், அடுத்த முறை ஆடி மாதம் என்றான், மூன்றாவது முறை மாதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவன் சொன்னதில் எவ்வளவு நடந்தது, நான் நினைவில் வைத்திருப்பதில் எவ்வளவு அவன் சொன்னது என்று இப்போது கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். கிழமை மட்டும் உறுதி. வெள்ளிக்கிழமை. குந்தாரப்பள்ளியில் சந்தை கூடியிருந்தது.

ஓசூர் பாகலூர் ரோட்டில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் கடை ஒன்றுக்கு மேலே தில்ஷாத்தின் துப்பறியும் ஆபீஸ். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர் அந்த அம்மாள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், பம்பர் சொல்லாது என்பது அவர் கட்சி. அதனாலோ என்னவோ மனிதர்களிடம் அதிகம் பேசுவதில்லை. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கீழே ஒரு டயர் ரீட்ரெட் ஆகிவிடும்.

அவருடைய உதவியாளன் திம்மப்பன் முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஆறு பேர் உட்காரும் இடத்தில் பதிமூன்று பேரை அடுக்கும் கலை தெரிந்தவன். தில்ஷாத் பேசாமல் விடும் வார்த்தைகளையும் சேர்த்து அவன்தான் பேசித் தீர்ப்பான்.

அன்று காலை ஒன்பதரைக்கு லேப்டாப் பையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் மேகலா. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஒயரிங் கம்பெனியில் ஷிப்ட் பஸ்கள் எந்த வழியாக, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போடுகிறவள். சாலை, வண்டி, இடைவெளி, வேகம் எல்லாவற்றையும் சமன்பாடாக்கிக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஓசூரையும் ஒரு கிருஷ்ணகிரியையும் ஓடவிட்டிருந்தாள். அவற்றில் தூசி மட்டும்தான் இல்லை.

“என் மாடல் தப்பில்லீங்க மேடம்,” என்றாள் உட்காரும் முன்பே. “ரோடுதான் தப்பு.”

“ரோடு மேல கேஸ் போட முடியாதுங்க,” என்றான் திம்மப்பன். “சம்மன் குடுத்தா வாங்காது, அங்கயே படுத்துக்கும்.”

தில்ஷாத் அவனைப் பார்த்தார். அவன் டீ போடப் போனான்.

விஷயம் இதுதான். சிங்காரப்பேட்டையிலிருந்து பதினொன்று பத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. இரண்டாம் ஷிப்டுக்கு ஐம்பத்திரண்டு பெண்கள் அதில் வருகிறார்கள். இரண்டு மணிக்கு கம்பெனி கேட்டுக்குள் நுழைய வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் அத்தனை பேருக்கும் அரை நாள் சம்பளம் போச்சு. குந்தாரப்பள்ளியைத் தாண்டியதும் பாலம் வேலை நடக்கிறது. அங்கே மூன்று கிலோமீட்டருக்குப் போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாம் பக்கத்துச் சின்ன ரோட்டில்தான். அந்த இடத்தில் தினமும் பகல் பன்னிரண்டு இருபதுக்கு ஒரு ஜாம் முளைக்கிறது. பன்னிரண்டு வேலை நாளில் பதினொரு நாள் பஸ் லேட்.

“ஓசூர் பக்கம் போற லேன் நிமிஷத்துக்கு இருபத்தஞ்சு வண்டி தாங்கும்,” என்றாள் மேகலா. “வர்றது இருபத்திரண்டு. ஆக்சிடெண்ட் இல்ல, பள்ளம் இல்ல, சிக்னல் இல்ல. ஜாம் ஆகவே கூடாது.”

“லேட் ஆனா என்ன?” இது தில்ஷாத். அன்றைய முதல் வார்த்தைகள்.

மேகலா பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். “எங்க டிரான்ஸ்போர்ட் மேனேஜர் சுரேந்தர் சார் இன்னிக்குக் கடைசி நாள்னு சொல்லிட்டாரு. இன்னிக்கும் லேட்டுன்னா திங்கக்கிழமையில இருந்து அந்த பஸ்ஸே கிடையாது. அவரே கிருஷ்ணகிரியில இருந்து தன் கார்ல பஸ் பின்னாடி வந்து பார்க்கப் போறாரு. அந்த பஸ் நின்னா ஐம்பத்திரண்டு பேருக்கும் வேலை போச்சுங்க. அவ்ளோ தூரத்துல இருந்து வேற வண்டி இல்ல. எங்க அக்கா அருணாவும் அதுலதான் வருது. என் கணக்கை நம்புங்கன்னு நான்தான் கெஞ்சி அந்த ரூட்டை வாங்கினேன்.”

டீ வந்தது. மேகலா ஒரு கட்டுத் தாள்களை மேசையில் வைத்தாள். பாலம் வேலை நடக்கும் சாலையில் ஒரு ஆளை நிறுத்தி, தினமும் பகலில் போகிற வண்டிகளை எண்ணி வாங்கிய கணக்கு. பஸ் எத்தனை, லாரி எத்தனை, பைக் எத்தனை, ஹெல்மெட் போட்டவர் எத்தனை, காரில் பெல்ட் போட்டவர் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருந்தது.

தில்ஷாத் தாள்களைப் புரட்டினார். பிறகு பேசாமல் இருந்தார். திம்மப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். நாலு நிமிடத்துக்கு மேல் போனால் கேஸ் நல்ல கேஸ் என்று அர்த்தம். இது ஒன்பது போயிற்று.

“போன புதன் தாள் காலியா இருக்கு.”

“அன்னிக்கு எண்றவரு லீவு மேடம். என் நேரத்தைப் பாருங்க, அன்னிக்கு ஒரு நாள்தான் ஜாமே ஆகல. ரோடு ஏன் நல்லா இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க டேட்டா இல்லாமப் போச்சு.”

“எண்ண ஆரம்பிச்சது எப்போ?”

“பாலம் வேலை தொடங்கி ஒரு வாரம் கழிச்சு.”

“ஜாம்?”

“அதே நாள்தாங்க. நல்ல வேளை, முதல் நாள்ல இருந்தே டேட்டா இருக்கு. ஜாம் பெருசானதும் எண்ற நேரத்தையும் அரை மணி கூட்டினேன்.”

தில்ஷாத் இன்னொரு முறை தாளைப் பார்த்தார். “பைக் நானூத்தி எட்டு. ஹெல்மெட் நானூத்தி எட்டு.”

“நம்ம ஜில்லாவிலயா?” என்றான் திம்மப்பன். “கல்யாண போட்டோவுக்கே ஹெல்மெட் போட மாட்டாங்களே.”

“வண்டியை எடு,” என்றார் தில்ஷாத்.

*

திம்மப்பனின் பைக்கில் தில்ஷாத் பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டை முறையாக மாட்டிக்கொண்டார். திம்மப்பனின் ஹெல்மெட் வழக்கம் போல பெட்ரோல் டாங்கின் மேல் சவாரி செய்தது. பதினொன்றரைக்குக் குந்தாரப்பள்ளி சந்தை மேட்டில் இறங்கினார்கள். ஆடுகள், மாடுகள், மாட்டுக்குக் கயிறு, கயிற்றுக்கு மாடு என்று எல்லாவற்றுக்கும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

திம்மப்பனிடம் குற்றவாளி தயாராக இருந்தான்.

“ஜாம் ஆனா யாருக்கு லாபம், அவனைப் பிடிக்கணும் மேடம். அதோ.”

சைக்கிள் கேரியரில் சமோசா டின் கட்டிய ஒருவர் மரத்தடியில் காற்றடித்துக்கொண்டிருந்தார். பெயர் முனீர் அகமது. ஒரு டின் சமோசாவும் ஜாமில் மாட்டியவர்களிடம்தான் விற்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

“நீங்கதானே ஜாம் போடறீங்க?” என்றான் திம்மப்பன்.

“நான் போட்டா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட மாட்டேனா? ஒரே ஒரு வேளைதானே வருது, மகராசன்.”

“எத்தனை மணிக்கு வரும்?” என்றார் தில்ஷாத்.

“இங்கயா அக்கா? பன்னெண்டு இருபது. ஆனா அது இங்க பொறக்கறதில்ல. பாலத்துக்கு ஓசூர்ப் பக்கக் கடைசியில ரெட்டைப் புளியமரம் இருக்கு பாருங்க, பன்னெண்டுக்கு மேல அங்க லேசா திக்கும். அப்புறம் அங்க இருந்து நடந்து வரும்.”

“எது நடந்து வரும்?” என்றான் திம்மப்பன்.

“ஜாம்தான்பா. வண்டி எல்லாம் முன்னாடி ஓசூருக்குப் போகும். ஜாம் மட்டும் பின்னாடி கிருஷ்ணகிரிக்கு வரும். ஒரு சைக்கிள் மிதிக்கிற வேகம். நானும் அது கூடவே மிதிச்சுக்கிட்டு வந்து விப்பேன். புளியமரத்துக்காரன் சூடா திம்பான், சந்தை மேட்டுக்காரன் ஆறினதைத் திம்பான்.”

“கதை விடறீங்க பாய்.”

தில்ஷாத் கை காட்டி அவனை நிறுத்தினார். “முன்னாடி போற ஒருத்தன் பிரேக்கை லேசா தொடறான். பின்னாடி வர்றவன் கொஞ்சம் அழுத்துவான். அவன் பின்னாடி வர்றவன் இன்னும் அழுத்துவான். இருபதாவது ஆள் நின்னுடுவான்.”

“நூறாவது ஆள் சமோசா கேப்பான்,” என்றார் முனீர்.

“தொட்டவன்?”

“அவன் அந்நேரம் சூளகிரி தாண்டியிருப்பான் அக்கா.”

திம்மப்பனுக்குத் தலை சுற்றியது. அவன் ஆட்டோ வாழ்க்கையில் எத்தனையோ ஜாமில் நின்று, முன்னால் நிற்பவனை எல்லாம் திட்டியிருக்கிறான். திட்டு வாங்க வேண்டியவன் எப்போதோ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. பஸ் இங்கே வர இன்னும் நாற்பது நிமிடம்.

“ஜாம் பொறக்கற இடத்துக்குப் போ,” என்றார் தில்ஷாத்.

*

சின்ன ரோட்டில் வரிசையோடு வரிசையாகக் கலந்து ஓசூர்ப் பக்கம் திரும்பிப் போனார்கள். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. திம்மப்பன் பாட்டுக் கூட முணுமுணுத்தான். இரண்டு கிலோமீட்டர் போனதும் எதிரே வந்த லாரி ஒன்று பட்டப்பகலில் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டியது. திம்மப்பன் கை தூக்கி வணக்கம் வைத்தான். அடுத்து ஒரு டெம்போ அடித்தது. அதற்கும் வணக்கம். பிறகு ஒரு தக்காளி வண்டி.

“பாருங்க மேடம், இந்த ரோட்ல எனக்கு எத்தனை பேரைத் தெரியுது.”

சொல்லிக்கொண்டே பைக்கை ஓரம் கூட ஒதுக்காமல் மெதுவாக்கினான், ஒரு காலை ஊன்றினான், டாங்கின் மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிப் பட்டையை இழுத்தான். மீண்டும் கிளம்பினான். எல்லாம் ஏழு விநாடி.

“நிறுத்து,” என்றார் தில்ஷாத். “இப்ப என்ன பண்ணினே?”

“என்ன பண்ணினேன்? வண்டி ஓட்டறேன்.”

“ஹெல்மெட் ஏன் போட்டே?”

திம்மப்பன் தலையைத் தடவிப் பார்த்தான். உண்மையாகவே இருந்தது. “தெரியலீங்க மேடம். கை தானா போச்சு. முன்னாடி செக்கிங் நிக்கிறாங்க இல்ல?”

“யார் சொன்னா?”

“லைட்டு அடிச்சாங்களே.” சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. எதிரே வருகிறவன் லைட் அடித்தால் முன்னால் ஆள் நிற்கிறது என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. எல்லைப்புறத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது தொட்டில் பழக்கம். வணக்கம் வைத்தது வாய்க்காரத் திம்மப்பன், பிரேக் பிடித்தது வண்டிக்காரத் திம்மப்பன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒன்பது பைக்குகள் நின்றிருந்தன. ஒன்பது பேரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு கார்க்காரர் பெல்ட்டைத் தேடி இழுத்தார். ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து நாலு பேர் இறங்கி, சம்பந்தமில்லாதவர்கள் போல நடக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் பின்னால் ஒரு பஸ் பெருமூச்சு விட்டு நின்றது.

“பொறந்துடுச்சு,” என்றார் தில்ஷாத்.

*

ரெட்டைப் புளியமரத்தடியில், கறுப்புக் குடை ஒன்றின் கீழ் நாற்காலி போட்டு, காக்கிச் சட்டை, காக்கிப் பேண்ட், பெல்ட்டு, பாலிஷ் போட்ட ஷூவுடன் ஒரு பெரியவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு கூடை தக்காளி, நாலு கட்டுக் கொத்தமல்லி, நூல்கோல், ஒரு தேங்காய். தில்ஷாத்தைக் கண்டதும் எழுந்து சல்யூட் வைத்தார்.

பெயர் கரியப்பன். ஊர்க்காவல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“என்னய்யா எழுதறீங்க?” என்றான் திம்மப்பன்.

“வண்டி எண்றேன்பா. கம்பெனி வேலை. பதினொண்ணே முக்கால்ல இருந்து ஒண்ணே கால் வரைக்கும்.”

“காக்கி எதுக்கு?”

“நல்ல துணிப்பா. இன்னும் பத்து வருஷம் உழைக்கும்.”

“இந்தத் தக்காளி?”

கரியப்பன் முகம் மலர்ந்தது. “தங்கமான ஜனம். போற போக்குல குடுத்துட்டுப் போறாங்க. வேணாம்னா கேக்க மாட்டேங்கறாங்க. ஒருத்தர் ஆர்சி புக்கையே குடுத்துட்டுப் போயிட்டாரு, திரும்பி வாங்க வரவேயில்ல. ஒருத்தன் ஹெல்மெட் இல்லாம போறதில்ல பாருங்க, அந்தக் கட்டத்துல எல்லாம் ‘ஆமா’தான்.”

தில்ஷாத் போனை எடுத்து மேகலாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“கரியப்பன்னு ஒருத்தரைத் தெரியுமா?”

“நம்ம ஆள்தான் மேடம். எண்ணி அனுப்பறவரு. ஜாம் படாத இடமா பார்த்து அங்க நிக்க வெச்சிருக்கேன்.”

“என்ன டிரெஸ்ல நிப்பாரு?”

“அதெப்படிங்க தெரியும்? போட்டோல நோட்டு மட்டும்தான் வரும்.”

தில்ஷாத் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி திம்மப்பன் கேட்டதில்லை. எண்ணிய நாளெல்லாம் ஜாம், எண்ணாத புதன்கிழமை இல்லை. நானூற்றெட்டுப் பேருக்கும் ஹெல்மெட் என்றால் நானூற்றெட்டுப் பேரும் காக்கியைப் போலீஸ் என்று நினைத்து இந்த இடத்துக்குச் சற்று முன்னால் நின்று மாட்டியிருக்கிறார்கள். இடைவெளியே இல்லாத ரோட்டில் ஒருத்தர் பிரேக் தொட்டாலே போதும். ஜாம் பெரிதானதும் மேகலா எண்ணும் நேரத்தைக் கூட்டினாள், நேரம் கூடியதும் ஜாம் இன்னும் பெரிதானது.

போனில் பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

“அப்போ எங்க அக்காவை இத்தனை நாளா லேட் பண்ணினது நானா?”

“நீ மட்டும் இல்ல. திம்மப்பன் இப்பத்தான் ஒண்ணு போட்டுட்டு வந்தான்.”

“அவரைக் கிளம்பச் சொல்லிடுங்க மேடம்.”

“நீங்க சொன்னா சரிம்மா,” என்று கரியப்பன் குடையை மடக்கினார்.

“இருங்க,” என்றார் தில்ஷாத். “இன்னிக்கு ஜாம் ஏற்கெனவே கிளம்பிடுச்சு. இவரு போனாலும் அது நடந்துக்கிட்டேதான் இருக்கும். பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு பஸ் நேரா அது வாயில போய் விழும். உன் மாடலைக் கேளு.”

போனில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மேகலா சொன்னாள்: “அங்க எண்றதை நிறுத்திட்டு, சந்தை மேட்ல உள்ள நுழையற வண்டியை நிமிஷத்துக்குப் பதினஞ்சாக் குறைச்சா ஜாம் பதினஞ்சு நிமிஷத்துல கரைஞ்சுடும் மேடம். அங்க ரோடு அகலம், வண்டி மெதுவானாலும் அடைக்காது. ஆனா யார் சொன்னா குறைப்பாங்க? மந்திரி சொன்னாக்கூடக் கேக்க மாட்டாங்க.”

தில்ஷாத்தும் திம்மப்பனும் ஒரே நேரத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்தார்கள். கரியப்பனும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

*

புளியமரத்தடியிலேயே நின்றுவிட்ட தில்ஷாத்தின் ஹெல்மெட்டைக் கரியப்பன் மாட்டிக்கொண்டு, குடையை ஈட்டி போலப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். திம்மப்பன் மூன்று கிலோமீட்டரை நாலு நிமிடத்தில் பறந்தான். வழியில் ஜாமைப் பக்கவாட்டில் பார்த்தான். முனீர் சொன்னது சரிதான், அது நடந்து வந்துகொண்டிருந்தது. முனீரும் கூடவே மிதித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு பதினாறுக்குக் கரியப்பன் சந்தை மேட்டின் அகலமான இடத்தில் குடையை விரித்து நோட்டைத் திறந்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை, கையைக் கூட நீட்டவில்லை. பைக்குகள் தாராளமாக ஓரம் ஒதுங்கி ஹெல்மெட் மாட்டின. கார்கள் பெல்ட் போட்டன. மாட்டி முடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக, பள்ளிப் பிள்ளைகள் பிரார்த்தனைக்குப் போவது போலச் சின்ன ரோட்டில் நுழைந்தார்கள். உள்ளே பிரேக் தொட ஒருவருக்கும் காரணம் இல்லை.

கர்நாடகா நம்பர் வைத்துக்கொண்டு இங்கே வரி கட்டாமல் ஓட்டுகிறவர்கள் நிலைமைதான் பரிதாபம். அவர்கள் காக்கியைக் கண்டதும் சந்தைக்குள் வண்டியைத் திருப்பி, ஆடு வாங்க வந்தவர்கள் போல இறங்கி ஆட்டின் பல்லைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு முனீர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டின் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

“செத்துப்போச்சுப்பா,” என்றார். “பாதி வழியில என் கண்ணு முன்னாடி கரைஞ்சு போச்சு.” சந்தைக்குள் ஒளிந்து நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்து அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

பன்னிரண்டு முப்பத்தாறுக்குச் சிங்காரப்பேட்டை பஸ் வந்தது. டிரைவர் கரியப்பனைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, சீராக ஓட்டிப் போனார். திம்மப்பன் பஸ் கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்தான். எங்கும் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரியவில்லை.

அதன் பின்னால் ஒட்டியே வந்த வெள்ளைக் கார் மட்டும் திடீரென்று இடது பக்கம் ஒடித்துச் சந்தைக்குள் புகுந்தது. கர்நாடகா நம்பர். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒருவர் இறங்கி, அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, அருகிலிருந்த ஆட்டுக்காரரிடம் மும்முரமாக விலை கேட்டார்.

திம்மப்பன் போன் போட்டான். “மேகலாம்மா, உங்க சுரேந்தர் சார் வெள்ளைக் காரா?”

“ஆமாங்க. ஓசூருக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் பெங்களூர் நம்பரை மாத்தல. ஏன்?”

“ஒண்ணுமில்ல. அவரு கொஞ்சம் லேட்டா வருவாரு.”

பஸ் ஒன்று ஐம்பதுக்குக் கேட்டுக்குள் நுழைந்தது. அருணாதான் முதலில் இறங்கி, வாசலில் நின்ற தங்கையின் முதுகில் ஒன்று போட்டாளாம். அது அடியா, தட்டிக்கொடுத்ததா என்பதில் திம்மப்பன் மூன்று முறையும் மூன்று விதமாகச் சொன்னான்.

சுரேந்தர் இரண்டே முக்காலுக்கு வந்தார். கரியப்பன் ஒன்றே காலுக்குக் குடையை மடக்கும் வரை அவர் விலை பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆட்டுக்காரர் பாதி விலைக்கு இறங்கி, கடைசியில் இவர் கேட்ட விலைக்கே சரி என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு வாங்காமல் வந்தால் மரியாதையில்லை. பின் சீட்டில் இருந்ததைக் கேட் செக்யூரிட்டி எட்டிப் பார்த்து, விசிட்டர் பாஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருவரையும் வெளியே நிறுத்தி வைத்து, லேட் ரிஜிஸ்டரில் மேனேஜரின் கையெழுத்தை மட்டும் வாங்கினார்.

எல்லோரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறேன். முனீர் அகமது சந்தையிலேயே கடை போட்டுவிட்டார். கரியப்பன் கட்டம் போட்ட சட்டையில் எண்ணுகிறார், தக்காளி கொடுப்பவர் யாரும் இல்லை என்று வருத்தம். சுரேந்தர் காருக்குத் தமிழ்நாட்டு நம்பர் வாங்கிவிட்டார், பஸ்ஸைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. தில்ஷாத்தும் திம்மப்பனும் அதே மாடியில் இருக்கிறார்கள். மேகலா கணக்குப் போட்டால் இப்போது தானும் ஒருமுறை ரோட்டில் போய் நின்று பார்க்கிறாள். சிங்காரப்பேட்டை பஸ் ஓடுகிறது. ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தொன்பது பேர் இன்னும் அதில்தான் வருகிறார்கள். ஒருத்திக்குக் கல்யாணமாகிப் போச்சம்பள்ளி போய்விட்டாள், ஒருத்தி நர்சிங் சேர்ந்துவிட்டாள், அருணா ஓசூரிலேயே வீடு பார்த்துக்கொண்டாள்.